"வித்தியாசமான படம் ஏதாவது சொல்லு" என்று கேட்பவர்களிடம் நாம் சொதப்பும் இடங்கள்

நண்பன் ஒருவன் கேட்டான்: "இதுவரைக்கும் பார்க்காத மாதிரி ஒரு படம் சொல்லுடா, எவ்வளவு கிறுக்குத்தனமா இருந்தாலும் பரவாயில்ல." எனக்குக் கேட்கவா வேண்டும், ஒரு நொடிகூட யோசிக்காமல் டேவிட் லின்ச்சின் 'எரேஸர்ஹெட்' என்றேன். 1977இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றரை மணி நேரம்தான், பார்த்துவிட்டுச் சொல் என்றேன். அவனுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அது எனக்கு நன்றாகவே தெரியும், ஆனால் அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை. படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஒரே அறைக்குள், அழுகையை நிறுத்தவே நிறுத்தாத, குழந்தை என்று சொல்லவே நாக்கு தயங்குகிற ஒரு ஜீவனோடு மாட்டிக்கொண்ட இளம் அப்பாவின் கதை அது. தூங்கி எழுந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதிகாலை மூன்று மணிக்கு அவன் அதைப் பார்த்திருக்கிறான். மறுநாள் வந்த பதில் ஒரே வார்த்தை. அதை இங்கே எழுத முடியாது.

படம் அற்புதமான படம், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவன் கேட்டது ஒன்று, நான் சொன்னது எனக்குப் பிடித்த ஒன்று. இந்தமாதிரிப் படங்களைப் பரிந்துரைக்கிற நாம் எல்லோரும் ஒருமுறையாவது இதைச் செய்திருப்போம். கேட்பவரை மறந்துவிட்டு நம் ரசனையைக் கடைவிரிப்போம்.

பாதிச் சிக்கல் 'வித்தியாசம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல விஷயங்களை அடைத்து வைத்திருக்கிறோம். நொபுஹிகோ ஒபயாஷியின் 'ஹவுஸ்' (1977) எடுத்துக்கொள்ளுங்கள். பியானோ ஒரு பெண்ணைத் தின்கிறது, வெட்டுப்பட்ட தலை பறந்துவந்து கடிக்கிறது, ஆனால் பார்க்கிறவர் பெரும்பாலும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். உனக்கு எதைக் கண்டால் பயம் என்று இயக்குநர் தன் சின்ன மகளிடம் கேட்டு, அவள் சொன்னதையெல்லாம் சேர்த்துச் செய்த படம் அது, அந்தக் குழந்தைத்தனம் காட்சிக்குக் காட்சி தெரியும். எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் சீ' (1985) அப்படியே எதிர்ப்பக்கம். 1943இல் பெலாரஸில் நாஜிகள் எரித்த கிராமங்களுக்கு நடுவே ஒரு சிறுவன் நடந்துபோகிறான், பேயில்லை, மாயமில்லை, ஆனால் படம் முடியும்போது அந்தப் பையனின் முகம் கிழவன் முகமாகியிருக்கும், உங்களுக்கும் ரெண்டு நாள் ஒன்றும் ஓடாது. தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், அதில் மனசைக் கலைப்பதே எதுவும் நடக்காமல் இருப்பதுதான். பசோலினியின் 'சாலோ' (1975) பற்றிச் சொல்லவே வேண்டாம், அது முழுக்க வதை. நாலும் 'வித்தியாசமான படம்'தான். ஒன்றைக் கேட்டவருக்கு இன்னொன்றைக் கொடுத்தால் நட்பு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். என்ன ஜானர் பிடிக்கும் என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் த்ரில்லர் என்றுதான் சொல்வார்கள். "கடைசியா எந்தப் படம் உன்னை ஒரு மாதிரி பண்ணுச்சு, எந்த இடத்துல?" என்று கேளுங்கள். பதிலில் எல்லாம் வந்துவிடும். ரத்தத்தைச் சொல்பவர், ஒரு மௌனத்தைச் சொல்பவர், க்ளைமாக்ஸ் புரியாமல் போனதை ரசித்துச் சொல்பவர் என்று ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அடுத்தது நான் ரொம்ப நாள் பெருமையாகச் செய்துகொண்டிருந்த தவறு. "எதுவுமே தெரியாம பாரு, டிரெய்லர்கூட பார்க்காத." கேட்க நன்றாகத்தான் இருக்கும். தகாஷி மீகேயின் 'ஆடிஷன்' (1999) இதற்குப் பேர்போன உதாரணம். மனைவியை இழந்த ஒருவர், படத்துக்கு நடிகை தேடுவதாகப் பொய் சொல்லி ஆடிஷன் வைத்து, தனக்கு இரண்டாவது மனைவி தேடுகிறார். முதல் பாதி முழுக்க மென்மையான காதல் கதைபோலவே போகும், அப்புறம் தரை நழுவும். அந்த நழுவலைக் கெடுக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் கதையை மறைப்பது வேறு, காயத்தை மறைப்பது வேறு. "கடைசிப் பகுதியில உடல் வதை இருக்கு, சீக்கிரம் முடியாது" என்று சொன்னால் யார், யாரை, ஏன் என்ற எதுவும் வெளியே வரவில்லை. ஆடிஷனின் திருப்பம் அப்படியே பத்திரமாக இருக்கிறது. ஊசியைக் கண்டாலே மயங்குகிறவர் தப்பித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

காஸ்பர் நோயேயின் 'இர்ரிவர்சிபிள்' (2002) படத்தில் சுமார் ஒன்பது நிமிடம், வெட்டே இல்லாமல், ஒரு பாலியல் வன்முறைக் காட்சி வருகிறது. ஆச்சரியத்தைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இதைச் சொல்லாமல் அனுப்புகிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் வாழ்க்கையில் என்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அவர் அதை உங்களிடம் சொல்லியாக வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் சில விஷயங்களை அவர் கேட்காமலேயே நாம் சொல்லிவிட வேண்டும்: பாலியல் வன்முறை, குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, தற்கொலை, விலங்குகள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் சிரித்துக் கடந்துவிடுவார்கள். 'கானிபல் ஹோலோகாஸ்ட்' (1980) பற்றிப் பேசும்போது, நடிகர்களை நிஜமாகவே கொன்றுவிட்டார் என்ற சந்தேகத்தில் இயக்குநர் மாட்டிக்கொண்டு, அவர்கள் உயிரோடு இருப்பதை இத்தாலிய நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிவந்த கதையை எல்லோரும் சப்புக்கொட்டிச் சொல்வோம். அதே படத்தில் விலங்குகளைக் கேமரா முன்னால் நிஜமாகவே கொன்றார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மனிதர்கள் செத்தது நடிப்பு, ஆமை செத்தது நடிப்பில்லை. இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும்.

விட்டுப்போகிற இன்னொன்று, மின்னும் ஒளி. நோயேயின் 'என்டர் த வாய்ட்' (2009) தொடக்க எழுத்துகளிலிருந்தே கண்ணைப் பறிக்கும். வலிப்பு நோய் இருப்பவருக்கு அது உண்மையிலேயே ஆபத்து.

சரி, இப்போது கொஞ்சம் வேடிக்கையான தவறு. வருடத்தையும் இயக்குநர் பெயரையும் சொல்லாமல் விடுவது. 'க்ராஷ்' என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? டேவிட் க்ரோனன்பெர்க் எடுத்த 1996 படத்தில் கார் விபத்துகளில் காம இன்பம் காண்பவர்கள் வருவார்கள். பால் ஹாகிஸ் எடுத்த 2004 படம் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து இனப் பதற்றங்களைப் பேசி, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. முதலாவதைத் தேடி இரண்டாவதைப் பார்த்தவர் "இதுல என்னடா விநோதம்" என்பார், பரவாயில்லை. இரண்டாவது என்று நினைத்து வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து முதலாவதைப் போட்டவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

'தி வானிஷிங்' இன்னும் மோசம். 1988இல் ஜார்ஜ் ஸ்லூய்சர் எடுத்த டச்சுப் படம், அதையே 1993இல் அவரே ஹாலிவுட்டுக்காக மறுபடி எடுத்தார், முடிவை மாற்றி. அந்தப் படத்தின் உயிரே முடிவில்தான் இருக்கிறது, அதை மாற்றிய பின் மிச்சம் இருப்பது சாதாரண த்ரில்லர். மிஷேல் ஹனெகேயும் தன் 'ஃபன்னி கேம்ஸ்' (1997) படத்தை 2007இல் ஆங்கிலத்தில் எடுத்தார், ஆனால் கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் அப்படியே. இங்கே எதைப் பார்த்தாலும் அடி ஒன்றுதான்.

பதிப்பும் கவனம். ஆந்த்ரே ஷுலாவ்ஸ்கியின் 'பொசெஷன்' (1981) இரண்டு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். இசபெல் அட்ஜானிக்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கித்தந்ததில் அந்தப் படத்துக்கும் பங்குண்டு. ஒரு திருமணம் உடைவதை இவ்வளவு கூச்சலும் வலிப்புமாக வேறு யாரும் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் வெளியிட்டபோது அதை வெட்டிக் குதறி சுமார் 80 நிமிடத் திகில் படமாக்கிவிட்டார்கள். கையில் கிடைத்த பிரதி ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் அது வேறு படம் என்று நினைத்து மூடிவிடலாம். பரிந்துரைக்கும்போது ஓடும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள், அரை வரிதான் செலவு.

அனிமேஷன் என்றால் குழந்தைகளுக்கு என்று நினைப்பதைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. சதோஷி கோனின் 'பெர்ஃபெக்ட் ப்ளூ' (1997) பார்த்தவர்கள் இந்தத் தவறைச் செய்யமாட்டார்கள். தணிக்கைக்காரர்களே வழுக்கிய இடம்தான் இது. முயல்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் 'வாட்டர்ஷிப் டவுன்' (1978) படத்துக்கு பிரிட்டனில் எல்லோரும் பார்க்கலாம் என்ற சான்றிதழ்தான் பல வருடம் இருந்தது, நாற்பது வருடம் தாண்டித்தான் ஒரு படி ஏற்றினார்கள்.

அப்புறம் சவால் விடுவது. "உன்னால முழுசா பார்க்க முடியாது பார்", "தூக்கம் போயிடும்". இப்படிச் சொன்ன நிமிடமே எதிரில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு, இது என்னை என்ன செய்துவிடும் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடுவார். படம் அவருக்குள் நுழைய வழியே இருக்காது. நீங்களும் ஒவ்வொரு முறையும் இதைவிடக் கொடூரமான ஒன்றைத் தேடி ஓட வேண்டியிருக்கும், அது முடிவில்லாத ஏணி, மேலே போகப்போக சினிமா குறைந்து குடல்தான் மிஞ்சும். இயக்குநர் புனுவேலும் ஓவியர் டாலியும் சேர்ந்து 1929இல் செய்த 'அன் ஷியன் அந்தலூ' அரை மணி நேரம்கூட ஓடாது, ஆரம்பத்திலேயே சவரக்கத்தி ஒரு கண்ணைக் கீறும், அது கன்றுக்குட்டியின் கண் என்று தெரிந்தும் இன்றைக்கும் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். புதியவர்களுக்கு நான் முதலில் தருவது பெரும்பாலும் இதைத்தான். பிடிக்கவில்லையென்றால் போனது கால் மணி நேரம்.

சொல்கிற வார்த்தையும் முக்கியம் என்பதற்கு டாட் பிரவுனிங்கின் 'ஃப்ரீக்ஸ்' (1932) ஒன்று போதும். நிஜமாகவே சர்க்கஸ் காட்சிகளில் வேலை பார்த்த மாற்றுத்திறனாளிகள் நடித்த படம், பிரிட்டனில் முப்பது வருடம் தடை. அதை "பயங்கரமான உருவங்கள் வரும்" என்று சொல்லிப் பரிந்துரைத்தால், படத்தில் அவர்களைக் கேலி செய்கிற கும்பலோடு நாமும் சேர்ந்துகொள்கிறோம். அந்தப் படத்தில் ஈவிரக்கம் இல்லாதவர்கள், உடலில் ஒரு குறையும் இல்லாத ஒரு அழகியும் ஒரு பலசாலியும்தான்.

நேராக உச்சிக்குக் கூட்டிப்போவதும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஒரு வாசல் இருக்கும், அது வழியாகக் கூட்டிப்போனால் உள்ளே இருப்பது எவ்வளவு விநோதமாக இருந்தாலும் வருவார்கள். குடும்பக் கதைகள் பிடிக்கும் என்பவருக்கு யோர்கோஸ் லாந்திமோஸின் 'டாக்டூத்' (2009): வளர்ந்த பிள்ளைகளை வீட்டு மதிலுக்கு வெளியே விடாமல், வார்த்தைகளுக்கே தவறான அர்த்தம் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கும் அப்பா அம்மா. அறிவியல் புனைவு பிடிக்குமென்றால் ஜொனாதன் க்ளேஸரின் 'அண்டர் த ஸ்கின்' (2013). அதில் ஒரு பெண் ஓட்டிவரும் வேனில் ஏறும் ஆண்கள் சிலர் நடிகர்களே இல்லை, மறைகேமராவில் பிடித்த நிஜ ஆட்கள் என்பதைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள், இன்னொரு முறை பார்ப்பார்கள்.

பார்த்து முடித்த பிறகும் ஒரு தவறு பாக்கி இருக்கிறது, என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் எரிச்சலானது. "புரியலன்னா உனக்கு இன்னும் பக்குவம் வரல" என்பது. எரேஸர்ஹெட் குழந்தையை எதை வைத்துச் செய்தார் என்பதைக்கூட லின்ச் கடைசிவரை சொல்லவில்லை, படத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டவர்களுக்கும் பிடி கொடுக்கவில்லை. எடுத்தவரே விளக்காததை நாம் ஏன் பரீட்சை வைத்துத் திருத்த வேண்டும்? விளக்கக் காணொளியை உடனே அனுப்புவதும் அதே ரகம்தான். ரெண்டு நாள் அவர் மண்டைக்குள் அது ஊறட்டும். பாதியில் நிறுத்திவிட்டேன் என்று சொன்னால், எங்கே நிறுத்தினார் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்க உதவும். (பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நான் செய்வேன். கேவலமான பழக்கம்.)

போன வாரம் அதே நண்பன் மறுபடி படம் கேட்டான். இந்தமுறை நிதானமாக எழுதி அனுப்பினேன்: "க்யூர், 1997, ஜப்பான். இயக்குநர் கியோஷி குரோசவா, அகிரா குரோசவாவுக்குச் சொந்தமில்ல. ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. போலீஸ் விசாரணைக் கதை, நீ பார்க்கிற சீரியல் கில்லர் படம் மாதிரிதான் ஆரம்பிக்கும். வெட்டுக்காயத்தோட உடல்கள் வரும், ஒரு இடத்துல தூக்குல தொங்குற உருவம் வரும். மெதுவாத்தான் போகும், போன்ல பார்க்காத, சத்தம் முக்கியம். கடைசி ஷாட்ல பின்னாடி என்ன நடக்குதுன்னு கவனி. பிடிக்கலன்னா நிறுத்திடு, வேற தர்றேன்."

பதில் உடனே வந்தது: "கைக்குழந்தை எதுவும் வராதுல்ல?"