குட்டைமுடிப் பூனையைச் சீவிவிடும் முறை

குட்டையான முடிதானே, இதைச் சீவுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் பலர் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இனப் பூனையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். முடி குட்டைதான், ஆனால் உடலோடு படியாமல் வெல்வெட்டுத் துணியைப்போல நெருக்கமாக எழுந்து நிற்கும் அந்த முடிக்குள் விரலை நுழைத்துப் பார்த்தால் தோல் சட்டென்று கண்ணில் படாது. உதிர்ந்த உள்முடி தரையில் விழாமல், உதிராத முடிகளுக்கிடையே சிக்கி நின்றுவிடுகிறது. பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அதன் நாக்கிலுள்ள முட்கள் தொண்டையை நோக்கி வளைந்திருப்பதால், வாரிய முடியைத் துப்ப வழியில்லாமல் அது விழுங்கிவிடுகிறது. கம்பளத்தின்மேல் அது கக்கிவைக்கும் முடிப்பந்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வாங்கவேண்டியவை மூன்றே: மென்மையான ரப்பர் பிரஷ், நெருக்கப் பல்லும் அகலப் பல்லும் கொண்ட ஸ்டீல் சீப்பு, ஒரு பேன்சீப்பு. கூரிய தகடு பொருத்திய முடி உதிர்ப்புக் கருவிகள் ஒரே இழுப்பில் குவியல் குவியலாக முடியை எடுத்துக் காட்டும் என்றாலும், அழுத்தி இழுத்தால் நல்ல முடியும் அறுபட்டுத் தோலும் சிவந்துவிடும் என்பதால் பழக்கமில்லாதவர்களுக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

பூனை சாப்பிட்டுவிட்டு மயங்கிக் கிடக்கும் வேளையே இதற்கு ஏற்றது. கன்னத்திலும் தாடையடியிலும் தொடங்குங்கள். அங்கே தேய்ப்பதை அநேகமாக எல்லாப் பூனைகளும் விரும்பும். பிறகு ரப்பர் பிரஷ்ஷால் முதுகிலும் விலாவிலும் சிறு வட்டங்களாகத் தேய்த்து உள்முடியை இளக்கிவிட்டு, முடி படியும் திசையில் வழித்தெடுக்கவேண்டும். பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் சில மாதங்கள் மேலோட்டமாகத் தடவிவிட்டு, பளபளக்கும் முதுகைப் பார்த்துத் திருப்தியடைந்திருந்தேன். ஒருநாள் பூனையைத் தூக்கியபோது முன்னங்காலின் இடுக்கில் நெல்லிக்காயளவு சிக்கு விரலில் தட்டுப்பட்டது.

ஆகவே பிரஷ்ஷுக்குப் பின் சீப்பு அவசியம். இடது கையால் பின்பகுதி முடியை எதிர்த்திசையில் ஒதுக்கினால், தோல் வெளுத்த கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து வால் பக்கமாகச் சீப்பை இழுத்துவிட்டு, ஒரு விரற்கடை முன்னே நகர்ந்து அடுத்த கோட்டைப் பிரிக்கவேண்டும். இப்படியே தோள்வரை போகலாம். சீப்பின் பல் தோலைத் தொடவேண்டும், சுரண்டக்கூடாது. வயிறும் தொடையிடுக்கும் கூச்சமான இடங்கள் என்பதால் அவற்றைக் கடைசியில் இரண்டு மூன்று இழுப்போடு முடித்துக்கொள்ளுங்கள். வால் நுனி துடித்தாலோ, காதுகள் பின்னோக்கி மடங்கினாலோ, முதுகுத் தோல் அலையலையாகச் சுளித்தாலோ பூனையின் பொறுமை தீர்ந்துவிட்டது என்று பொருள். மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டவே கூடாது. பூனையின் தோல் மெல்லியது. சிக்கை இழுத்தால் தோலும் கூடாரம்போல் எழும்பிவரும், முடி எங்கே முடிந்து தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் சோளமாவைத் தூவி, முடியின் வேர்ப்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து விரலாலும் சீப்பாலும் சிறிது சிறிதாகப் பிரித்தெடுக்கவேண்டும். அதற்கும் மசியாத சிக்கைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

இந்த இனத்துக்கு எளிதில் உடல் பருத்துவிடும். பருத்த பூனைக்கு வாலடி எட்டாது. அங்கே பொடுகும் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும். அந்த இடத்தில் பேன்சீப்பை ஓட்டி, வந்த கரும்பொடியை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் உதறிப் பாருங்கள். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை பரவினால் அது வெறும் அழுக்கன்று, பூனையின் இரத்தத்தைக் குடித்த தெள்ளுப்பூச்சியின் எச்சம். அவசரப்பட்டு நாய்க்கு வாங்கிவைத்த தெள்ளு மருந்தைத் தடவிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றிலுள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொல்லக்கூடிய நஞ்சு.

சாதாரண நாட்களில் வாரம் ஒருமுறை சீவினால் போதும். முடி மிகுதியாக உதிரும் பருவத்தில் இரண்டு மூன்று முறை தேவைப்படும். இரவிலும் விளக்கு வெளிச்சத்தில், வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை ஆண்டு முழுவதும் உதிர்த்துக்கொண்டே இருக்கலாம். குளிப்பாட்டுவது அரிதாகவே தேவைப்படும். தேவைப்பட்டால், முதலில் சீவி முடித்துவிட்டு, வெதுவெதுப்பான நீரும் பூனைக்கென்றே செய்த ஷாம்பூவும் பயன்படுத்துங்கள். அடர்ந்த முடி நீரை எளிதில் உள்ளே விடாது. உள்ளே போன ஷாம்பூவையும் எளிதில் வெளியே விடாது என்பதால், நனைப்பதற்கு ஆனதைப்போல் இரண்டு மடங்கு நேரம் அலசவேண்டும். துண்டால் ஒற்றியெடுத்தபின் மேல்முடி உலர்ந்ததுபோல் தோன்றினாலும் நம்பாமல், மறுபடியும் கோடு பிரித்து விரல் நுனியால் தோலைத் தொட்டுப் பார்த்து, ஈரமில்லை என்று தெரிந்தபிறகே குளிர்சாதன அறைக்குள் விடுங்கள்.