பள்ளி வேனில் சூட்டைக் குறைத்த விதம்

வேலூரில் கோடை வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நான் ஓட்டும் பள்ளி வேன் வெட்டவெளியில் நின்றால், மாலையில் ரெக்ஸின் சீட் பிள்ளைகளின் தொடையைச் சுடும். யுகேஜி குழந்தை ஒன்று மயங்கிச் சாய்ந்ததும் மனசு கேட்கவில்லை.

வேப்பமரத்தடிக்கு வண்டியை மாற்றினேன். பெல் அடிக்கக் கால் மணி முன்பே இரண்டு பக்க ஜன்னல்களையும் பின்கதவையும் திறந்துவிடுவேன். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் அனல் சரியாக வெளியேறாது. சீட்டுகளுக்குப் பழைய பருத்தி வேட்டியில் உறை தைத்தோம். இஞ்சின் மூடிமேல் யாரும் உட்காரக் கூடாது, சூடு அங்கேதான் அதிகம். அப்புறம் ஒரு கேன் தண்ணீர்; குடித்த பிறகுதான் வண்டி கிளம்பும். கடைசி ஸ்டாப் பிள்ளைகளுக்கு மேற்கு வெயில் படாத பக்கம் இடம்.