தாடை மாறினால் ஜாடையும் மாறும்: ஆபரேஷனுக்குப் பிறகு நான் செய்த தப்புகள்

என் மேல்தாடையை 4 மில்லிமீட்டர் முன்னால் தள்ளினார்கள், கீழ்த்தாடையை 5 மில்லிமீட்டர் பின்னால் இழுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் சுண்டுவிரல் நகத்தளவு. அந்த நகத்தளவுக்கு மும்பை தாராவியில் நாங்கள் இருக்கும் 90 அடி ரோட்டிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் வரைக்கும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். அதில் பாதியை நான் தப்பாகப் புரிந்துகொண்டு மாதக்கணக்கில் அழுததுதான் மிச்சம். வலி, கஞ்சி, பல்லில் மாட்டுகிற ரப்பர் பேண்ட் பற்றியெல்லாம் டாக்டரே சொல்லிவிடுவார். எதிரில் வருகிற மனிதர்கள் எப்படிப் பார்ப்பார்கள், அதற்கு நாம் என்ன முட்டாள்தனம் செய்வோம் என்று யாரும் சொல்வதில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் தப்பு ஆபீஸில். "பல் ஆபரேஷன், மூணு வாரம் லீவு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். கடைவாய்ப் பல் பிடுங்கப் போகிறாள் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள், நான் வேறொரு முகத்தோடு வந்து நிற்கிறேன். இந்த ஆபரேஷன் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். மேல்தாடையை மூக்குக்குக் கீழே குறுக்காக அறுத்து நகர்த்துவார்கள், அதற்கு லெ ஃபோர்ட் 1 என்று பெயர். முக எலும்பு எந்தக் கோடுகளில் உடைகிறது என்று 1901ல் எழுதிய ரெனே லெ ஃபோர்ட் என்ற பிரெஞ்சு சர்ஜன் பெயரில் வந்தது. கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் பிளந்து நகர்த்துவார்கள். டைட்டானியம் பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து முடுக்கிவிடுவார்கள். வெளியே பெரிதாகத் தையலோ தழும்போ இருக்காது, அதுதான் சிக்கலே. கையில் மாவுக்கட்டு இருந்தால் என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே ஏதோ மாறியிருக்கிறது என்று தெரியும், காரணம் மட்டும் தெரியாது. தெரியாத இடத்தைக் கதை வந்து நிரப்பும். எங்கள் ஆபீஸில் நிரப்பிய கதை, நான் மூக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன் என்பது. மேல்தாடை முன்னே வந்தால் மூக்கின் அடி கொஞ்சம் அகலப்படும், அதனால் அந்தக் கதைக்கு ஆதாரமும் கிடைத்துவிட்டது.

அதனால் போகும் முன்பே ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். "கடிக்கும்போது பல் சேரவில்லை, தாடை எலும்பை அறுத்துச் சரி செய்யப் போகிறார்கள், முகம் மாறும், வீக்கம் முழுசாக வடிய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும்." இதைச் சொல்லிவிட்டால் பத்தில் எட்டுப் பேர் அடங்கிவிடுவார்கள். எக்ஸ்ரே காட்ட வேண்டாம். நான் அடுத்து அந்தப் பக்கம் சாய்ந்தேன், கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் போனில் எக்ஸ்ரே காட்டி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

ஊருக்கு வீடியோ கால் போட்டது அதைவிடப் பெரிய தப்பு. வீக்கம் உச்சத்துக்கு ஏறுவது இரண்டாம் நாள், மூன்றாம் நாள். நான் சரியாக மூன்றாம் நாள், அம்மாவைப் பெற்ற ஆச்சி பார்க்கவேண்டும் என்று கேட்டாள் என்பதற்காகப் போனைத் தூக்கினேன். பூசணிக்காய்க்குக் கண் வரைந்த மாதிரி இருந்திருக்கும். ஆச்சி ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "ஏட்டி, எம் பேத்திய எங்க?" என்று அம்மாவைக் கேட்டாள். அதன் பிறகு எத்தனை நல்ல போட்டோ அனுப்பினாலும் ஆச்சிக்கு அந்த முகம்தான் மனசில் நிற்கிறது. முதல் இரண்டு வாரம் குரல் போதும். ரப்பர் பேண்ட் போட்டுப் பேச முடியாவிட்டால் அம்மா பேசட்டும்.

அந்த இரண்டு மூன்று வாரத்தில் உங்கள் மனசும் உங்கள் வசம் இருக்காது என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்து, தூக்கமில்லாமை, வெறும் கஞ்சித் தண்ணீர், கண்ணாடியில் யாரோ. எதற்குடா செய்தோம் என்று அழுகை வரும், நிறையப் பேருக்கு வருகிறது. அந்த நேரத்தில் "எப்படி இருக்கேன்?" என்று யாரையும் கேட்காதீர்கள். நல்லாயிருக்கு என்றால் பொய் என்று தோன்றும், தயங்கினால் செத்தோம் என்று தோன்றும். வாரக்கணக்கில் போயும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லவேண்டும், சொந்தக்காரர்களிடம் இல்லை.

மூன்று வாரம் கழித்து வேலைக்குக் கிளம்பினேன். சயானிலிருந்து சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரை லோக்கல் ரயிலின் லேடீஸ் பெட்டியில் வழக்கமாக வரும் கூட்டம். மாஸ்க் போட்டுக்கொண்டு ஏறினேன், அது வேறு தப்பு. மாஸ்க்குக்கு மேலே கன்னம் வீங்கியிருக்கிறது, கீழே கழுத்தில் ரத்தக்கட்டு இறங்கி மஞ்சளாக நிற்கிறது, நடுவில் மட்டும் மறைத்திருக்கிறேன். பைகுலா தாண்டியதும் ஒரு மராட்டி அக்கா பக்கத்தில் நகர்ந்து வந்து, காதோடு "கர் பே சப் டீக் ஹை ந?" என்றார். வீட்டில் எல்லாம் சரிதானே என்று. எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியபோது கோபம் வந்தது, எங்கள் வீட்டைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அடி வாங்கிய பெண் என்று நினைத்து, கேட்காமல் போகாத ஒரே ஆள் அவர். அப்படி யாராவது கேட்டால் முறைக்காதீர்கள், நன்றி சொல்லிவிட்டு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள். மறுநாள் நான் சொன்னேன், மாஸ்க்கையும் கழற்றினேன். "கிதி பாரிக் ஜாலீஸ்" என்று வாழைப்பழம் கொடுத்தார். எவ்வளவு இளைத்துவிட்டாய் என்று அர்த்தம்.

இளைப்பது பற்றி: திரவச் சாப்பாட்டில் சில கிலோ இறங்கத்தான் செய்யும், எனக்கு 5 கிலோ இறங்கியது. "முகமே ஒட்டிப் போச்சே" என்பவர்கள் தாடையைச் சொல்லவில்லை, எடையைச் சொல்கிறார்கள். அதை ஆபரேஷன் கணக்கில் எழுதிக் குழம்பாதீர்கள், இட்லி தின்ன ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு தானாக நின்றுவிடும்.

யாரும் எச்சரிக்காத ஒன்று இருக்கிறது. நான் சிரிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், எதிரில் இருப்பவர்களுக்கு அது முறைப்பாகத் தெரிந்திருக்கிறது. கீழ்த்தாடைக்குள்ளே ஓடும் உணர்வு நரம்பு அடிபடுவதால் உதடும் மோவாயும் மரத்துப் போகும். பலருக்கு மாதக்கணக்கில் மெதுவாகத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கிவிடும். தசையை அசைக்கிற நரம்பு வேறு, அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும், ஆனால் வீக்கமும் இறுக்கமும் சேர்ந்து உதட்டைச் சரியாக மேலே போகவிடாது. நான் பாட்டுக்கு ஆபீஸ் காண்டீனில் எல்லாரையும் பார்த்து மனசுக்குள் சிரித்துவிட்டு, யாரும் திருப்பிச் சிரிக்கவில்லையே, என் முகம் பிடிக்கவில்லை போல என்று முடிவு கட்டிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து ஒருத்தி சொன்னாள், "நீ யார்கிட்டயும் முகம் கொடுக்கவே இல்ல, ஆபரேஷனுக்கு அப்புறம் திமிராயிட்டேன்னு நினைச்சோம்" என்று. ஆகவே கொஞ்ச நாள் வாயால் சிரிப்பதை நம்பாதீர்கள். கையைத் தூக்குங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், நாடகத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை.

சரி, வீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் பெரிய தப்பு அங்கேதான் நடந்தது.

என் பழைய கீழ்த்தாடை அப்பா கொடுத்தது. அப்பாவுக்கு அவருடைய அம்மா கொடுத்தது. அப்பா முறுக்கை முன்பல்லால் கடிக்கவே மாட்டார், கையால் ஒடித்துக் கடைவாயில் போட்டுத்தான் மெல்லுவார். நானும் அப்படித்தான். அதை எங்கள் குடும்பப் பழக்கம் என்று 22 வயது வரை நினைத்திருந்தேன், முன்பல் சேராததால் வந்த பழக்கம் என்று கிளிப் போட்ட டாக்டர் சொல்லித்தான் தெரியும். ஆபரேஷனுக்குப் பணம் புரட்டியது அப்பா, ஆஸ்பத்திரியில் ராத்திரி பெஞ்சில் படுத்தது அப்பா. ஆனால் வீக்கம் வடிய வடிய அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவது குறைந்துகொண்டே போனது. கஞ்சி டம்ளரை வைத்துவிட்டுப் பேப்பரைப் பார்ப்பார். எனக்கு வந்த நினைப்பு, இவ்வளவு செலவு செய்தும் நன்றாக வரவில்லை என்று வருத்தப்படுகிறார் என்பதுதான். அவருக்கு இருந்த நினைப்பு வேறு என்று அம்மாதான் அடுப்படியில் வைத்துச் சொன்னாள்: "அவுக அம்மைய உன் மூஞ்சிலதான பாத்துக்கிட்டு இருந்தாவ. இப்ப அது இல்லல்லா." இன்னொன்றும் சொன்னாள். "அவுக தாடையவே நீ வேண்டாம்னுட்டதா நினைக்காவ."

முகம் நம்முடையது என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்பன் ஜாடை, அத்தை ஜாடை என்று பிறந்த அன்றைக்கே பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது ஞாபகத்தில் இருப்பதில்லை. வீட்டில் யாராவது மௌனமானால் அதை அழகு மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பே உட்கார்ந்து, எது முடியவில்லை, எதற்காகச் செய்கிறேன் என்று பேசியிருக்கவேண்டும், குறிப்பாக அதே தாடை உள்ளவரிடம். நான் டாக்டரிடம் பேசினேன், இன்ஷூரன்ஸ்காரரிடம் இது அழகுக்காக இல்லை என்று அரைமணி நேரம் வாதாடினேன், அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் ராஜ வம்சத்துப் படங்களைப் போனில் காட்டினேன். தலைமுறை தலைமுறையாக அதே நீண்ட கீழ்த்தாடை, ஸ்பெயினை ஆண்ட இரண்டாம் சார்லஸ் (1661–1700) சாப்பாட்டைச் சரியாக மெல்லவே முடியாமல் கஷ்டப்பட்டவர். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ராஜா தாடையையா போய் அறுத்துப்போட்ட?" என்றார். அன்றைக்குத்தான் பழையபடி பேசினார்.

பொங்கலுக்கு 90 அடி ரோட்டில் வரிசையாகப் பானை வைத்தபோது எனக்கு ஆபரேஷன் முடிந்து ஒன்பது வாரம். மொத்தச் சொந்தமும் ஒரே ரோட்டில். "இப்பதாம்மா லட்சணமா இருக்க" என்று ஒரு பெரியம்மை சொல்ல, அப்போ இத்தனை வருஷம்? என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவருக்குத் திக்கென்றாகி, எனக்கும் கசப்பாகி, பால் பொங்கியதைக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பாராட்டுக்குள் ஊசி இருக்கிறதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் யோசித்துப் பேசுவதில்லை. "இப்ப நல்லா மெல்ல முடியுது பெரியம்மை" என்று பேச்சை வாய்க்குள்ளே திருப்பிவிட்டிருக்கலாம். "இனி மாப்பிள்ளை பாக்கலாம்லா" என்ற ஆளுக்கு மட்டும் நான் என்ன பதில் சொன்னேனோ அதற்கு வருத்தப்படவில்லை.

கண்டுபிடிக்கவே முடியாதவர்களும் இருப்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். "ஹேர்கட்டா?" "கண்ணாடி மாத்திட்டியா?" இவ்வளவு பாடுபட்டதற்கு ஹேர்கட்டா என்று ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

பார்க்க வருகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. கன்னத்தை வழித்து நெட்டி முறிக்காதீர்கள். எலும்பு ஓரளவு பிடிக்கவே ஆறு வாரம் ஆகும், எங்கள் சித்தி டிஸ்சார்ஜ் அன்றைக்கே திருஷ்டி கழிக்கக் கையை நீட்ட, அண்ணன் குறுக்கே விழுந்து தடுத்தான். பழைய முகமே நன்றாக இருந்தது என்று சொல்லாதீர்கள், அதைத் திருப்பி வாங்க முடியாது. சாப்பிட முடிகிறதா, தூங்க முடிகிறதா என்று கேளுங்கள். ரசத்தை நன்றாக வடிகட்டிக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

முன் பின் போட்டோ போட அவசரப்படாதீர்கள். ஆபரேஷனுக்கு முந்தின வருஷம் கிளிப் போட்டுப் பல்லை அதனதன் எலும்புக்கு நேராக நிறுத்துவார்கள், அப்போது தாடைக் கோளாறு இருந்ததைவிட மோசமாகத் தெரியும். அந்தப் படத்தையும் வீங்கிய படத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே நீங்கள் இல்லை. செல்ஃபியும் கண்ணாடியும் வேறு வேறு முகம் காட்டுவதாகத் தோன்றுவது சகஜம். நமக்குக் கண்ணாடியில் திரும்பிய முகம்தான் பழக்கம், மற்றவர்களுக்கு நேர் முகம். 1977ல் அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், ஆட்களுக்குத் தங்களின் கண்ணாடிப் பிம்பமும், நண்பர்களுக்கு அவர்களின் நேர்ப் படமும்தான் அதிகம் பிடித்தன. முகம் புதிதாக மாறியிருக்கும்போது நமக்கு இரண்டுமே பழக்கமில்லை, கொஞ்ச காலம் கொடுக்கத்தான் வேண்டும்.

போன் முகத்தை அடையாளம் காணாவிட்டால் மறுபடி பதிந்துகொள்ளுங்கள். வீக்கம் நன்றாக வடிந்த பிறகு ஆதாரில் போட்டோ மாற்றலாம், பாஸ்போர்ட்டையும் தோற்ற மாற்றத்தைக் காரணம் காட்டிப் புதுப்பிக்கலாம். நான் இன்னும் ஆதாரை மாற்றவில்லை, சோம்பேறித்தனம்தான். போன மாதம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் என் ஆதார் ஜெராக்ஸைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க அக்காவா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.