சரக்கு வேகனின் டிஸ்ட்ரிபியூட்டர் வால்வைச் சோதிப்பது எப்படி?

58 பாக்ஸ்என் வேகன்கள் (மேல்பக்கம் திறந்த சரக்குப் பெட்டிகள்) கோத்த சரக்கு ரயில் 600 மீட்டரைத் தாண்டும். லோகோ பைலட், ரயில் நெடுக ஓடும் காற்றுக் குழாயான பிரேக் பைப்பில் காற்றைக் குறைத்ததும், அதை உணர்ந்து ஒவ்வொரு வேகனிலும் பிரேக்கைப் பிடிக்க வைப்பது டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு. புதிதாக வேலைக்கு வருபவர்கள் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்ததோடு நகர்ந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், எத்தனை நொடியில் பிடிக்கிறது, எத்தனை நொடியில் விடுகிறது என்பதில்தான் வால்வின் லட்சணம் தெரியும்.

தேவையானவை: ஒற்றை வேகன் சோதனைக் கருவி, பிரேக் சிலிண்டருக்கு (காற்று புகுந்து பிரேக் கட்டையைச் சக்கரத்தில் அழுத்த வைக்கும் உருளை) ஒரு கேஜ், ஸ்டாப்வாட்ச், சோப்புத் தண்ணீர். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும். காற்று இருக்கும்போது பிரேக் கட்டைப் பக்கம் கை போகவே கூடாது.

1. பிரேக் பைப்பை 5 கிலோவுக்கு ஏற்றுங்கள் (சதுர சென்டிமீட்டருக்கு; நம் ஆட்கள் வெறும் கிலோ என்றுதான் சொல்வார்கள்). இரட்டைக் குழாய் வேகன் என்றால், தொட்டிக்குக் காற்று கொடுக்கும் இரண்டாவது குழாயான ஃபீட் பைப்பில் 6 கிலோ. வேகனின் காற்றுத் தொட்டிகள் முழுதாக நிரம்பும்வரை பொறுமை வேண்டும். அரைகுறையாக நிரம்பிய வேகனில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

2. இப்போது எமர்ஜென்சி அப்ளிகேஷன், அதாவது அவசர பிரேக். பிரேக் பைப்பைப் பூஜ்யத்துக்கு இறக்கி, அதே நொடியில் வாட்சை அழுத்துங்கள். சிலிண்டர் கேஜ் 3.6 கிலோவைத் தொட 18 முதல் 30 நொடி ஆக வேண்டும். கடைசியில் முள் 3.8-இல் நிற்கும், 0.1 கூடக்குறைய இருக்கலாம். 10 நொடியில் ஏறிவிட்டால் நல்ல வால்வு என்று சந்தோஷப்படாதீர்கள், அதுவும் கோளாறுதான். பயணிகள் பெட்டியில் 3 முதல் 5 நொடியில் பிடிக்கும். நீளமான சரக்கு ரயிலில் முன் வேகன்கள் அப்படிச் சட்டென்று பிடித்தால், இன்னும் பிரேக் பிடிக்காத பின் வேகன்கள் வந்து மோதித் தள்ளும், வேகன்களைக் கோக்கும் கப்ளர் அடி வாங்கும்.

3. முள்ளை அப்படியே 5 நிமிடம் கவனியுங்கள். 0.1 கிலோவுக்கு மேல் இறங்கக் கூடாது.

4. ரிலீஸ். பிரேக் பைப்பை மறுபடி 5 கிலோவுக்கு ஏற்றுங்கள். சிலிண்டர் கேஜ் 3.8-லிருந்து 0.4-க்கு இறங்க 45 முதல் 60 நொடி. இழுத்துக்கொண்டே போனால் அந்த வேகன் வழியில் பிரேக் பைண்டிங் ஆகி (பிரேக் விடாமல் ஒட்டிக்கொண்டு)ச் சக்கரத்தைச் சுட வைக்கும்.

5. அப்புறம் பலரும் தாண்டிப் போகும் சோதனை. பிரேக் பைப்பில் 6 நொடிக்குள் 0.6 கிலோ குறைத்தால் பிரேக் பிடித்தே ஆக வேண்டும். 60 நொடியில் 0.3 கிலோ மெதுவாகக் குறைத்தால் பிடிக்கவே கூடாது. நீளக் குழாயில் சின்னக் கசிவு இருக்கத்தான் செய்யும், அதற்கெல்லாம் பிரேக் பிடித்தால் ரயில் நகராது.

அளவு தவறினால் உடனே வால்வைக் கழற்றாதீர்கள். முள் இறங்குவதற்கு சிலிண்டருக்குள் காற்றை அடைக்கும் பேக்கிங்கோ ஜாயிண்டோ காரணமாக இருக்கலாம். முதலில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். குமிழி எங்கும் இல்லை, அளவு மட்டும் தவறுகிறதா? சரி, வால்வை மாற்றலாம். அது பிராக்கெட்டில் போல்ட் போட்டு நிற்பதால் குழாய்களைத் தொட வேண்டியதில்லை. மாற்றிய பிறகு முதல் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள்.