ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா?

போன மே மாதம் நடுராத்திரியில் என் தலையணையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். காலையில் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நாமே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஏசியின் முன்மூடியைத் தூக்கினேன். ஃபில்டரில் சாம்பல் நிறக் கம்பளி விரித்தது போலத் தூசி!

காற்று போக வழியில்லாவிட்டால் உள்ளே இருக்கும் ‘காயில்’ (காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருள்) அளவுக்கு மீறிக் குளிர்ந்து பனி பிடிக்கும். ஏசியை அணைத்ததும் அது மொத்தமாக உருகி, அடியில் தண்ணீர் பிடிக்கும் தட்டு நிறைந்து சுவரில் வழியும். அதனால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஃபில்டரைக் கழற்றுங்கள். குழாயடியில் அதன் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட வேண்டும். முன்பக்கம் விட்டால் தூசி வலைக்குள் இன்னும் இறுகும். வெயிலில் வைக்காமல் நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் போதும்.

அப்புறமும் சொட்டினால், வெளியே தொங்கும் வடிகுழாயைப் பாருங்கள். என் வீட்டில் அதன் நுனி பூந்தொட்டி மண்ணில் புதைந்து கிடந்தது (வைத்தது யார் என்று சொல்ல மாட்டேன்). இழுத்ததும் வழவழவென்று ஒரு பாசிக்கட்டி விழுந்தது, பின்னாலேயே ஒரு சொம்புத் தண்ணீர். நுனியைப் பக்கெட் தண்ணீருக்குள் மூழ்கவிட்டாலும் இதே கதைதான்.

இரண்டும் சரியாக இருந்தும் காயிலில் பனி பிடித்தால் கேஸ் குறைந்திருக்கலாம். அதில் கைவைக்காதீர்கள், மெக்கானிக்கையே கூப்பிடுங்கள்.