கம்ப்ரஸர் திரும்பத் திரும்ப ஜாம் ஆகிறதா? பழைய கார் ஏசியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பக்கத்துப் பட்டறையில் ஒரு தம்பி 2008 மாடல் டீசல் கார் ஒன்றுக்கு, ஏசி கேஸை அமுக்கித் தள்ளும் கம்ப்ரஸர் மாட்டிக்கொண்டிருந்தான். "எத்தனாவது தம்பி?" என்று கேட்டேன். "மூணாவதுண்ணே. போன மாசம் மாட்டுனது ஜாம் ஆயிடுச்சு. சரக்கு சரியில்ல" என்றான். கழற்றியது தரையில் கிடந்தது. கேஸ் வெளியே போகும் வாயில் விரலை விட்டு எடுத்து வெயிலில் காட்டினேன். கறுப்பு ஆயில். விரலைத் திருப்பினால் அதற்குள் வெள்ளிப் பொடி மினுங்கியது. "இதை இன்னைக்கு மாட்டாதே" என்று சொல்லி நிறுத்தி வைத்தேன்.

"சரக்கு சரியில்ல" என்ற அதே வார்த்தையைத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் சொன்னேன். ஒரே வண்டிக்கு மூன்று தடவை சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பெல்ட் தளர்வு, ஓ-ரிங் மாற்ற மறப்பது போன்றவை முதல் மாதத்திலேயே பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

செத்தது எப்படி என்று பார்க்காமல் புதுசு வாங்குவது

கம்ப்ரஸர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. ஆயில் வராமல் காய்ந்து போயிருக்கும், அழுத்தம் தாங்காமல் திணறியிருக்கும், கேஸ் திரவமாகவே திரும்பி வந்து வால்வை உடைத்திருக்கும், இல்லையென்றால் கம்ப்ரஸரை பெல்ட்டோடு சேர்த்துப் பிடிக்கும் கிளட்ச் எரிந்திருக்கும். கழற்றியதும் முன்பக்கத் தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவே இல்லையா, உள்ளே பிடித்துவிட்டது. கொஞ்சமும் தடுப்பே இல்லாமல் லொடலொடவென்று சுற்றுகிறதா, உள்ளே வால்வு தகடு போயிருக்கலாம். நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் தட்டு நீலம் பாய்ந்திருக்கிறதா, கோளாறு கிளட்சில்.

அப்புறம் ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வடியுங்கள். தெளிவாக இருந்தால் சந்தோஷம். கறுத்திருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. துருநிறம் தெரிந்தால் ஈரம் போயிருக்கிறது. வெள்ளி மினுங்கினால் அடுத்த தலைப்பை இரண்டு முறை படியுங்கள்.

கண்டென்ஸரை மிச்சம் பிடிப்பது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறாத தவறு இதுதான்.

அது ஒரு டிராவல்ஸ் வேன். கார்த்திகையில் சபரிமலை ஓட்டம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது கம்ப்ரஸர் ஜாம் ஆகி வந்தது. உரிமையாளர் அவசரப்பட்டார். நானும் புதுக் கம்ப்ரஸர் மாட்டி, கேஸின் சூட்டைக் கழிக்கும் கண்டென்ஸருக்குள் பெட்ரோல் ஊற்றி, ஏர் பிடித்து ஊதி, கேஸ் அடித்து அனுப்பினேன். மூன்று வாரத்தில் வேன் திரும்ப வந்தது. கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறொரு கம்ப்ரஸர் வாங்கி மாட்டினேன். அது நாற்பது நாள் தாங்கியது. மூன்றாவது, மகரவிளக்குக்குப் போய்த் திரும்பும் வழியில் மலை இறக்கத்திலேயே நின்றது. வேனில் வயதானவர்கள் இருந்தார்கள். ஜன்னல் திறக்காத வண்டி. அந்த உரிமையாளர் என்னைத் திட்டவில்லை. "உன்னை நம்பித்தான் தம்பி ஆளுங்கள ஏத்துனேன்" என்றார். அது இன்னும் காதில் இருக்கிறது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் மறுநாள் வந்து, எதுவும் பேசாமல் கண்டென்ஸரைக் கழற்றச் சொன்னார். ஆக்ஸா பிளேடு எடுத்து நடுவில் அறுத்தார். தட்டையான ஒவ்வொரு குழாய்க்குள்ளும் வரிசையாகப் பொடிப் பொடி ஓட்டைகள். குண்டூசி நுழைவதே கஷ்டம். மேல் வரிசைகள் சுத்தமாக இருந்தன. கீழே போகப் போக நல்லெண்ணெயில் விபூதியைக் குழைத்து அப்பியதுபோல் சாம்பல் நிறச் சேறு. அந்தப் பசையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றது. அது முதல் கம்ப்ரஸரின் உடம்பு. இரண்டாவதையும் மூன்றாவதையும் தின்றது அதுதான்.

உள்ளே நடப்பது இதுதான். கம்ப்ரஸர் தேய்ந்து உதிரும் அலுமினியப் பொடி கேஸோடு சேர்ந்து முதலில் போய் விழும் இடம் கண்டென்ஸர். இப்போதைய கண்டென்ஸர்களில் கேஸ் ஒரே குழாயில் போவதில்லை. பக்கவாட்டுக் குழாயிலிருந்து பிரிந்து பல தட்டைக் குழாய்களில் ஒரே நேரத்தில் ஓடுகிறது. நாம் ஃப்ளஷ் அடிக்கும்போது, அதாவது திரவம் செலுத்திக் கழுவும்போது, அந்தத் திரவம் அடைப்பில்லாத குழாய்கள் வழியாகவே ஓடிவிடும். அடைத்த குழாய் அப்படியே இருக்கும். மறுமுனையில் தெளிவாக வருவதைப் பார்த்து "சுத்தமாயிடுச்சு" என்று நினைத்துக்கொள்கிறோம். வண்டி ஓடி, சூடேறி, அதிர அதிர அந்தச் சேறு கொஞ்சம் கொஞ்சமாக இளகி, கூலிங் காயிலுக்குப் போகும் கேஸைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வில் போய் அடைக்கும். கேஸ் ஓட்டம் குறையும். ஆயில் கேஸோடுதான் பயணம் செய்கிறது என்பதால் ஆயிலும் கம்ப்ரஸருக்குத் திரும்பாது. அடைத்த கண்டென்ஸரோ சூட்டைக் கழிக்க முடியாமல் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆயில் குறைவு, அழுத்தம் அதிகம் என்று இரண்டும் சேர்ந்தால் எந்த நாட்டுக் கம்ப்ரஸரும் தாங்காது.

ஒரே நீளக் குழாயை வளைத்து வளைத்துச் செய்த பழைய காலத்துக் கண்டென்ஸராக இருந்தால் ஃப்ளஷ் அடித்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தட்டைக் குழாய் வகையில், உலோகப் பொடி கண்ணில் பட்டுவிட்டால் மாற்றியே ஆகவேண்டும். கூடவே ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு. கூலிங் காயிலையும் பைப்புகளையும் ஃப்ளஷ் அடிக்கலாம். ஆனால் அதற்கென்று உள்ள திரவத்தில் அடித்து, நைட்ரஜன் விட்டுச் சொட்டு இல்லாமல் காயவைக்க வேண்டும். பெட்ரோல், டீசல், தின்னர் எதுவும் கூடாது. மிச்சம் தங்கி ஆயிலைக் கெடுத்துவிடும். பெட்ரோல் ஊற்றி ஏர் பிடித்தது நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம். அந்த ஆவியில் ஒரு பொறி விழுந்திருந்தால் ஆளே போயிருப்பேன்.

"கண்டென்ஸர் வேண்டாம்ப்பா, கம்ப்ரஸர் மட்டும் போடு" என்று வண்டிக்காரர் சொல்லுவார். அவர் கணக்கு அவருக்கு நியாயம். அவரைக் கூப்பிட்டு அந்த வெள்ளைக் கிண்ணத்தைக் காட்டுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேலையை விட்டுவிடுங்கள். நான் விட்டுவிடுகிறேன்.

ட்ரையர்

சிஸ்டத்தைத் திறந்தால் ட்ரையரை மாற்ற வேண்டும். இதில் பேச்சே இல்லை.

ஆயிலை மறந்து கேஸ் மட்டும் அடிப்பது

பழைய வண்டியில் ஒவ்வொரு கோடைக்கும் "கொஞ்சம் கேஸ் டாப்-அப் பண்ணுங்க" என்று வருவார்கள். லீக் ஆன இடத்தைப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கும். போனது கேஸ் மட்டுமில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. நான்கு வருடம் கேஸை மட்டும் நிரப்பினால் ஐந்தாவது வருடம் கம்ப்ரஸர் வறண்டு பிடிக்கும். லீக்கை அடைக்காத டாப்-அப், கம்ப்ரஸருக்கு வைக்கும் உலை.

புதுக் கம்ப்ரஸரிலும் கவனம் வேண்டும். சிலதில் மொத்த சிஸ்டத்துக்குமான ஆயில் இருக்கும், சிலதில் கொஞ்சம்தான் இருக்கும், சிலது வறட்டுக் கம்ப்ரஸராகவே வரும். வடித்து அளந்து பார்க்காமல் மாட்டக்கூடாது. சிஸ்டம் முழுவதையும் சுத்தம் செய்திருந்தால் வண்டிக் கையேட்டில் உள்ள முழு அளவையும் ஊற்ற வேண்டும். இந்த வண்டிகளில் ஓடும் ஆர் 134ஏ கேஸுக்கு, அதற்கு முந்தைய ஆர் 12 கேஸ் காலத்து மினரல் ஆயில் ஆகாது, இரண்டும் கலக்காது. ஆர் 134ஏவுக்கு ஊற்றும் பிஏஜி ஆயிலிலும் 46, 100, 150 என்று தடிப்பு வித்தியாசம் உண்டு. அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மூடி திறந்து அலமாரியில் மாதக்கணக்கில் இருந்த டப்பாவை எடுக்காதீர்கள்.

ஃபேன் சுற்றுகிறது என்று விட்டுவிடுவது

சுற்றினால் போதாது, காற்று இழுக்க வேண்டும். பின்னால் இருந்து இழுக்கும் ஃபேன் என்றால், கண்டென்ஸர் முன்னால் ஒரு தாளை வையுங்கள். அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் மோட்டார் தளர்ந்திருக்கிறது. தாளை வெளியே தள்ளினால் யாரோ வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், ஃபேன் தலைகீழாக ஓடுகிறது. இதை நான் இரண்டு வண்டிகளில் பார்த்திருக்கிறேன். 35 டிகிரி வெயிலில் ஆர் 134ஏ சிஸ்டத்தில் லோ சைடு (கம்ப்ரஸருக்குக் கேஸ் திரும்பும் பக்கம்) 30 முதல் 40 பிஎஸ்ஐ, ஹை சைடு (கம்ப்ரஸர் அமுக்கித் தள்ளும் பக்கம்) 200 முதல் 250 வரை இருந்தால் நிம்மதி. சிக்னலில் நிற்பதுபோல் பத்து நிமிடம் நிறுத்தி வைத்துப் பாருங்கள். 300-ஐத் தாண்டி ஏறி, கண்டென்ஸர் மேல் தண்ணீர் தெளித்ததும் மடமடவென்று இறங்கினால் முதலில் காற்றோட்டத்தைக் கவனியுங்கள். ஓடும்போது கூலிங் நன்றாக இருக்கிறது, நின்றால் இல்லை என்று வண்டிக்காரர் சொல்வதும் அநேகமாக இதைத்தான்.

கிளட்ச் எரிந்தால் கிளட்சைத் திட்டுவது

கிளட்சை இழுத்துப் பிடிக்கும் காந்தக் காயிலுக்கு வரும் வோல்ட்டேஜை எஞ்சின் ஓடும்போது அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.8 இருந்து காயிலில் 11 வந்தால் ரிலே முனை கருகியிருக்கும், அல்லது எர்த் துருப்பிடித்திருக்கும். பிடிமானம் போதாமல் தட்டு வழுக்கி வழுக்கி எரியும். பத்து கிளட்ச் மாற்றினாலும் பத்தும் எரியும்.

சிலிண்டர் மேல் ஒட்டிய பெயரை நம்புவது

2011-ல் வியட்நாமில் பழுதுபார்த்த குளிர்சாதனக் கண்டெய்னர்கள் வெடித்து உயிர்கள் போயின. ஆர் 134ஏ என்று விற்ற போலி கேஸில் மெத்தில் குளோரைடு கலந்திருந்ததுதான் காரணம். அது அலுமினியத்தோடு சேர்ந்தால், காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும் பொருளாக மாறிவிடும். நம் கம்ப்ரஸரும் அலுமினியம்தான். ரசீது இல்லாத மலிவுச் சிலிண்டரை வாங்காதீர்கள்.

வண்டிக்குள் ஏற்கனவே இருக்கும் கேஸைச் சந்தேகப்பட்டால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. வண்டியை நிழலில் நான்கைந்து மணி நேரம் அணைத்து வைத்துவிட்டு கேஜ் மாட்டுங்கள். நல்ல ஆர் 134ஏ என்றால் 30 டிகிரியில் இரண்டு கேஜும் 97 பிஎஸ்ஐ அருகிலும், 35 டிகிரியில் 114 அருகிலும் நிற்கும். அதைவிட நன்றாக ஏறி நின்றால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. அந்தக் கலப்படம்தான் ஹை சைடை ஏற்றிக் கம்ப்ரஸரைக் கொன்றிருக்கும். ஆனால் இந்தச் சோதனையை வைத்து கேஸின் அளவைச் சொல்ல முடியாது. அளவுக்குத் தராசு ஒன்றுதான் வழி.

லீக் அடைக்கும் மருந்து

வேண்டாம்.

வேக்குவம் பத்து நிமிடம்

கேஸ் அடிக்கும் முன் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவதுதான் வேக்குவம். அதை முக்கால் மணி நேரம் போடுங்கள். மழைக்காலத்தில் அதற்கும் மேலே. கேஜ் முள் 29 இன்ச் தொட்டதும் நிறுத்தினால் காற்று மட்டும்தான் போயிருக்கும், ஈரம் கொதித்து ஆவியாகி வெளியேற நேரம் வேண்டும். ஊட்டியில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு ஒன்று: அந்த உயரத்தில் காற்றழுத்தமே குறைவு, முள் 23-ஐத் தாண்டாது. பம்ப் கெட்டுவிட்டதென்று பிரித்துப் போடாதீர்கள்.

ஸ்டார்ட் போடும் முன்

ஆயில் ஊற்றிய கம்ப்ரஸரை மாட்டியதும் முன்பக்கத் தட்டைக் கையால் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். சிலிண்டருக்குள் தேங்கிய ஆயில் நகர்ந்துவிடும். சுற்றாமல் ஸ்டார்ட் போட்டால் திரவத்தை அமுக்கப் பார்த்து, புதுசின் வால்வு முதல் நிமிடத்திலேயே போகும்.

பக்கத்துப் பட்டறைத் தம்பி நேற்றுதான் வேலையை முடித்தான். புதுக் கண்டென்ஸர், புது ட்ரையர், புது வால்வு. மதியம் இரண்டு மணி வெயிலில் ஹை சைடு 240-ல் நின்றது. கழற்றிய பழைய கண்டென்ஸரை எடைக்குப் போட எடுத்து வைத்திருந்தான். போடுவதற்கு முன்னால் ஆக்ஸா பிளேடு வைத்து நடுவில் அறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.