ஸ்கேலும் வெள்ளைத்தாளும் வைத்துக் கண்ணாடியின் பவரை அளப்பது எப்படி

வெள்ளெழுத்துக்குப் போட்ட கண்ணாடி கையில் இருக்கிறது, பவர் எழுதிய சீட்டைக் காணோம் என்றால் கவலை வேண்டாம். வீட்டிலேயே அளந்துவிடலாம். தூரத்துப் பொருளின் பிம்பம் லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளித் தெளிவாக விழுகிறதோ, அதுதான் குவியத் தொலைவு. அது குறையக் குறையப் பவர் கூடும், கணக்கு அவ்வளவுதான். 100-ஐச் சென்டிமீட்டரில் அளந்த குவியத் தொலைவால் வகுத்தால் பவர் டயாப்டர் என்ற அலகில் கிடைக்கும். 50 செ.மீ. என்றால் +2.00, 40 செ.மீ. என்றால் +2.50.

பகலில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளைத்தாளை ஒட்டுங்கள். ஒரு லென்ஸைத் தாளருகே பிடித்து, மெல்ல ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். வெளியே தூரத்தில் உள்ள மரமோ கட்டடமோ தாளில் தலைகீழாகத் தெளிவாக விழும் இடத்தில் நிறுத்தி, லென்ஸுக்கும் தாளுக்கும் இடையே அளவெடுங்கள். மரத்துக்குப் பதில் ஜன்னல் கம்பியைத் தெளிவாக்கினால் கணக்கு தப்பும். கம்பி லென்ஸிலிருந்து 4 மீட்டரில் இருந்தால், +2.00 லென்ஸ் 57 செ.மீ.யில்தான் தெளியும்; விடை +1.75 என்று வந்துவிடும். வெயிலைக் குவித்து அளப்பது சுலபம்தான், ஆனால் தாள் தீப்பிடிக்கும், அந்தப் புள்ளியை உற்றுப் பார்ப்பதும் கண்ணுக்குக் கெடுதல். தயவுசெய்து வேண்டாம்.

பவர் கூடினால் அளவில் கவனமும் கூட வேண்டும். +1.00-க்கும் +1.25-க்கும் இடையே 20 செ.மீ. வித்தியாசம். +4.00-க்கும் +4.25-க்கும் இடையே ஒன்றரை செ.மீ. மட்டுமே! ஆகவே மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். குறைந்த பவரில் தொல்லை வேறு: பிம்பம் பெரிதாகி மங்கிவிடும், அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும்.

மைனஸ் லென்ஸ் (கிட்டப்பார்வைக்குப் போடுவது) தாளில் பிம்பம் விழவே விடாது. பவர் தெரிந்த, அதைவிட வலுவான பிளஸ் லென்ஸை அதோடு ஒட்டிப் பிடியுங்கள். +4.00 சேர்த்ததும் 50 செ.மீ.யில் தெளிந்தால் கூட்டுப் பவர் +2.00, அதில் 4 கழித்தால் −2.00. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் விடை பிசகும்.

ஒரே லென்ஸில் இரண்டு பவர் உள்ள பைஃபோகல் என்றால் மேல் பகுதியையும் கீழ்ப் பகுதியையும் தனித்தனியே, மற்றதைக் காகிதத்தால் மறைத்து அளக்க வேண்டும். பிம்பத்தில் நிற்கும் கோடுகள் ஓரிடத்திலும் கிடைக்கோடுகள் வேறிடத்திலும் தெளிந்தால் லென்ஸில் சிலிண்டர் பவர், அதாவது திசைக்குத் திசை மாறும் பவர் இருக்கிறது. அதன் அச்சை, அதாவது அது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை, ஸ்கேல் சொல்லாது. கண்ணாடிக் கடையில் லென்ஸோமீட்டர் என்ற பவர் அளக்கும் கருவியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.